கிளிஞ்சல்மேட்டில் செத்த மூன்று டப்பாக்கள்

ஜவஹர் அலிக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது கையில் இருக்கும் பொருள். அதற்கு மேலும் கோபம் மிச்சமிருந்தால் எதிரில் நிற்கும் ஆள். இருபது வருடமாக அவனோடு சுற்றுகிறேன், இரண்டையும் வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது. ஒரு நாள் அவன் விட்டெறிந்த ஸ்குரூ டிரைவர் என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டு விழுந்தது. அந்தக் கோபம்கூட என்மேல் இல்லை, ஒரு ரௌட்டர் மேல்.

நான் நெரவிக்காரன், பெயர் கலைவாணன், வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். அலி காரைக்கால் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கிறான். ரௌட்டரும் நெட்ஃபோனும் ரிப்பேர் செய்வதுதான் பிழைப்பு. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஷார்ஜாவில் கேபிள் இழுத்தான். அங்கே மேஸ்திரி ஒருவன், மயங்கி விழுந்த கூலிக்காரனைக் காலால் எட்டி உதைத்திருக்கிறான். இவன் கையிலிருந்த இரும்புக் கட்டரால் மேஸ்திரியின் தாடையைப் பேத்துவிட்டான். நாற்பது நாள் உள்ளே வைத்து, பிறகு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதைப்பற்றிக் கேட்டால், "இன்னொரு அடி குடுத்திருக்கணும்டா" என்றுதான் இன்று வரைக்கும் சொல்வான்.

நெட்ஃபோன் என்றால் உள்ளங்கை அகல டப்பா ஒன்று. அதை ரௌட்டரோடு சேர்த்து, பழைய வீட்டு ஃபோன் ஒன்றை அதில் மாட்டினால் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்கு மணி அடிக்கும். வளைகுடாவில் சில ஊர்களில் வாட்ஸப்பில் பேச முடியாது. இந்த ஊரில் பாதி வீட்டுக்கு ஆம்பிளை அங்கேதான் என்பதால் டப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. ஐந்து வருடம் உழைக்க வேண்டிய அந்த டப்பா இங்கே ஆறு மாதத்தில் சாகும். ஏன் சாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அலியின் கெட்டிக்காரத்தனம். மூடியைக் கழற்றி முதலில் மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பான். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் ஒரு வாசனை, கெப்பாசிட்டர் உப்பி வெடித்திருந்தால் இன்னொரு வாசனை. பெருநாளுக்கு வெள்ளையடிக்கும்போது வீட்டிலுள்ள சார்ஜர்களையெல்லாம் ஒரே கூடையில் கழற்றிப் போட்டுவிட்டு, பிறகு ஐந்து வோல்ட் டப்பாவில் பன்னிரண்டு வோல்ட் சார்ஜரைச் செருகுவார்கள். பெருநாள் முடிந்த வாரம் அவன் கடையில் பத்துப் பேர் நிற்பார்கள். பத்துப் பேரும் நாங்கள் தொடவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.

அதனால் அவனுக்கு மனிதர்கள் சொல்வதில் நம்பிக்கை போய்விட்டது. "டப்பாகிட்ட கேட்டா போதும். வீட்டுல கேட்டா கதைதான் வரும்" என்பான். திருநள்ளாறு லாட்ஜ்காரன் ஒருவன் ரௌட்டரை வெந்நீர்க் குழாயை ஒட்டிய அலமாரிக்குள் பூட்டி வேகவைத்துவிட்டு, நீ போட்டது டூப்ளிகேட் சாமான் என்று இவன் கன்னத்தில் அறைந்தான். இவன் வரவேற்பறை நாற்காலியைத் தூக்கி அவன் தோளில் போட்டான். இரண்டு பேர் மூக்கிலும் ரத்தம். ஸ்டேஷனில் சமாதானம் பேசி, டீ வாங்கிக் கொடுத்து நான்தான் கூட்டி வந்தேன். வழியெல்லாம், வெந்நீர்க் குழாய் எத்தனை டிகிரி சூடு வரும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். இப்படி ஒரு பிறவி.

காரைக்காலை ஒட்டிய மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு வேலை போன ஐப்பசியில் வந்தது. கோவிந்தராசு என்று ஒரு ஆள். விசைப்படகுகளுக்கு இரும்பு வேலை செய்கிற வெல்டர், ஐம்பது வயது, கழுத்து கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். அவனை எனக்குப் பிடிக்காது, அதை மறைத்து எழுத எனக்கு வராது. அவன் தம்பி அருள்ராஜ் ஷார்ஜாவில் வேலை. தம்பி அனுப்பிய பணத்தில் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு. அதில் தம்பி மனைவி ஷர்மிளா தனியாக இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை.

அந்த வீட்டு நெட்ஃபோனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஷர்மிளாவிடம் கைப்பேசி இருந்தது. ஆனால் அருள்ராஜ் அதில் கூப்பிட மாட்டான். கைப்பேசியை எங்கே நின்றும் எடுக்கலாம், சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஃபோனை வீட்டுக்குள் இருந்துதான் எடுக்க முடியும். தினமும் மதியம் இரண்டரைக்கு, அங்கே சாப்பாட்டு வேளையில், அவன் அடிப்பான். அவள் எடுக்காவிட்டால் உடனே அண்ணன் கைப்பேசிக்கு அடித்து, "போய் என்னான்னு பாருண்ணே" என்பான். அண்ணன் வெல்டிங் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வருவான். வந்து பார்த்தால் டப்பாவில் விளக்கு எரியும். ஃபோனை எடுத்தால் 'கொய்ங்' என்று டோன் வரும். எல்லாம் சரியாக இருக்கும்போது எங்கே போனாய் என்று அவளை அடிப்பான். அதற்குத் தம்பியின் அனுமதி உண்டு.

முதல் டப்பா ஐப்பசியில் செத்தபோது இதெல்லாம் அலிக்குத் தெரியாது. கடைக்குக் கொண்டுவந்து, உப்பிய கெப்பாசிட்டரை மாற்றி, உயிர் கொடுத்து உள்ளே இருந்த பதிவைப் படித்தான். எப்போது, எத்தனை தடவை கரண்டு போய் வந்தது என்று அந்த டப்பா தனக்குள் குறித்து வைத்திருக்கும். ஒரே நாளில் நாற்பத்தொரு தடவை. அன்று கிளிஞ்சல்மேட்டில் மின்தடை ஒன்றுமில்லை. அவன் கோவிந்தராசுவிடம், "யாரோ பிளக்கப் புடுங்கிப் புடுங்கிப் போடுறாங்கங்க. நாளைக்கு நாப்பது தடவ புடுங்கினா எந்த டப்பா தாங்கும்?" என்று சொல்லிவிட்டு, வேறொரு டப்பாவை மாட்டிவிட்டு வந்தான். தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்ட திருப்தியில் அன்று எனக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தான். நானும் தின்றேன்.

இரண்டாவது டப்பா தை மாதக் கடைசியில் போனது. அதே வாசனை, அதே பதிவு. திரும்பவும் அதையே சொன்னான். அப்போது ஷர்மிளாவின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்திருக்கிறது. கிணற்றடியில் வழுக்கியது என்றாளாம். அந்த வீட்டில் கிணறே கிடையாது, அடிபம்புதான். நாலு மைல் தூரத்து லாட்ஜில் வெந்நீர்க் குழாயைக் கண்டுபிடித்தவனுக்கு இது கண்ணில் படவில்லை.

மூன்றாவது டப்பா தடைக்காலம் தொடங்கி ஒன்பதாம் நாள் செத்தது. தடைக்காலத்தில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது, எல்லாவற்றையும் கரையில் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அலி டப்பாவை எடுக்கப் போனபோது கோவிந்தராசு வாசலிலேயே நின்று சொல்லியிருக்கிறான்: "பாய், தம்பி சொல்லிட்டான். இன்னொரு டப்பா போச்சுன்னா, கால ஒடச்சு வூட்டோட போட்டுடு, நான் பாத்துக்கிறேன்னுட்டான். நல்லா சொல்லிட்டுப் போங்க அவகிட்ட." சிரித்துக்கொண்டே சொன்னானாம்.

உள்ளே ஷர்மிளா ஆணியில் மாட்டியிருந்த ஃபோனுக்குக் கீழே நின்றிருந்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. பேசும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அண்ணே, ஒங்கள கையெடுத்துக் கும்புடுறேன். இந்தத் தடவ பிளக்கப் புடுங்கினாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. வேற என்னா வேணும்னாலும் சொல்லுங்க. மழ, இடி, எலி கடிச்சிச்சு, எதாவது."

"நீங்க புடுங்கலையா?"

"நான் அதத் தொட்டதே இல்லண்ணே. தூசிகூடத் தட்டமாட்டேன். பயம்."

அலி நான்காவது டப்பாவை மாட்டினான். சார்ஜர் கெட்டுவிட்டது என்று கோவிந்தராசுவிடம் ஒரு பொய்யைச் சொன்னான். அவன் தொழிலில் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் அப்படியே கீழே தள்ளிவிட்டு, என் வீட்டுச் சுவரில் கையால் ஓங்கிக் குத்தினான். மூன்று விரல் தோல் பிய்ந்தது.

"அந்தப் புள்ளைக்கு விழுந்த அடி எல்லாம் என் வாயால விழுந்ததுடா கலை" என்றான். அழுதான். நான் அவன் அழுது பார்த்தது அப்போதுதான்.

அடுத்த நாள் அவன் மனைவி சித்திக்கா எனக்கு ஃபோன் செய்தார். "ஒங்க சிநேகிதர் நேத்துலேர்ந்து ஒரு வாய் சோறு திங்கலைங்க. மூணு டப்பாவையும் தரையில பரப்பி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. என்னான்னு வந்து கேளுங்க." போனேன். மூன்று பதிவுகளையும் தாளில் எழுதி வைத்திருந்தான். கரண்டு போவது பகலில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவைகூட இல்லை. தடைக்காலத்தில் நாளைக்கு நூறு, நூற்றிருபது.

"அந்தப் புள்ளதான் புடுங்குறான்னா ஞாயித்துக்கெழம மட்டும் சும்மா இருப்பாளா?" என்று கேட்டான். "ஞாயித்துக்கெழம சும்மா இருக்கிறது யாரு?"

வோல்டேஜ் பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு அவன் வண்டியில் ஏறினேன்.

நாங்கள் போனபோது மதியம் இரண்டு மணி இருக்கும். இந்த முறை அலி டப்பா பக்கமே போகவில்லை. நேராக ஷர்மிளாவிடம் கேட்டான். "தங்கச்சி, பகல்ல வீட்டுல வேற எதாவது வித்தியாசமாத் தெரியுமா?"

"ஃபேன் மெதுவாயிடும்ணே. திடீர்னு நிக்கிற மாதிரி சுத்தும், அப்புறம் வேகமா ஓடும். மிக்ஸி மொனகும். பகல் பூரா அப்படித்தான்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. மீட்டரை பிளக் பாயின்ட்டில் செருகிக் கீழே உட்கார்ந்தேன். இருநூற்று முப்பது காட்டியது. பின்பக்கம் கீற்றுத்தட்டிக்கு அந்தப் பக்கம் கோவிந்தராசு பட்டறையில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். மீட்டர் நூற்றுப் பத்துக்கு விழுந்தது. டப்பாவின் விளக்குகள் மொத்தமும் அணைந்தன. சத்தம் நின்றது, மீட்டர் துள்ளி ஏறியது, விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. மறுபடி 'சர்ர்', மறுபடி இருட்டு. பத்து நிமிடத்தில் பதினொரு தடவை எண்ணினேன். பிறகு எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இந்த வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர், தட்டிக்குள் நுழைந்து, அந்தப் பழைய வெல்டிங் மெஷினில் போய் முடிந்தது.

தம்பி வீட்டுக் கரண்டில் அண்ணன் வெல்டிங் வைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டறைக்கு லீவு. குச்சியை இரும்பில் தொடும்போதெல்லாம் டப்பா சாகிறது. தம்பி அடிக்கும் மணி எங்கேயோ அந்தரத்தில் போய்விடுகிறது. அவன் அண்ணனைக் கூப்பிடுகிறான். அடிக்க வருவதற்காக இவன் வெல்டிங்கை நிறுத்துகிறான். நிறுத்தியதும் டப்பா உயிர் பெற்று, விளக்கெல்லாம் எரிய, அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஆறு மாதம் இது நடந்திருக்கிறது. எழுதும்போது இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

இதைப் பக்குவமாகப் பேசியிருக்கலாம், ஊர்ப் பஞ்சாயத்தாரை வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அலியிடம் பக்குவம் என்ற சாமான் ஸ்டாக் இல்லை. தட்டியை ஒரே உதையில் சாய்த்துக்கொண்டு பட்டறைக்குள் போனான்.

"பிளக்கப் புடுங்குனது அவ இல்லடா. நீ!"

கோவிந்தராசு முகமூடியை நிமிர்த்தினான். "என்னா பாய் ஒளறுற?"

அலி கறுப்பு ஒயரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். "இது யார் வீட்டு லைனு?"

"என் தம்பி வூட்டுக் கரண்டு. நான் எடுப்பேன். நீ யார்றா கேக்க?"

"எடுத்துக்க. குடிச்சுக்க. அதுக்கு அந்தப் புள்ளைய ஏன்டா அடிச்ச?"

பதிலுக்குக் கோவிந்தராசு அடுத்திருந்த இரும்புக் குழாயை எடுத்துச் சுழற்றினான். அலியின் இடது தோளில் விழுந்தது. காய்ந்த மட்டையை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம், காறை எலும்பு. இரண்டாவது அடி தலைக்கு வந்தது. நான் குறுக்கே விழுந்து குழாயைப் பிடித்ததில் என் உள்ளங்கை கிழிந்தது. பிடித்த பிடியோடு அவனை மணலில் தள்ளினேன். அலி ஒரு கை தொங்க, மறு கையால் தரையில் கிடந்த வெல்டிங் முகமூடியை எடுத்து அவன் முகத்தில் அடித்தான். அடித்தான், அடித்தான். நான் உடனே தடுக்கவில்லை. தடுக்க முடியவில்லை என்று சொன்னால் பொய். நாலைந்து அடி விழட்டும் என்று நின்றேன். பிறகுதான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

அதற்குள் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். வெளியூர்க்காரன் நம் ஆளை அடிக்கிறானா என்று இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். ஒருவன் என் வயிற்றில் முழங்காலால் இடித்தான். அந்த நேரத்தில் வீட்டுக்குள் மணி அடித்தது. மணி இரண்டரை. வெல்டிங் நின்றிருந்ததால் அது தங்குதடையில்லாமல் கணீரென்று அடித்தது. ஷர்மிளா வாசற்படியில் கல்லாக நின்றிருந்தாள். அலி எல்லாரையும் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி ஃபோனை எடுத்து, ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினான். எல்லாரும் கேட்கட்டும் என்று.

ஒரு கை தொங்கத் தொங்க மூச்சு வாங்கிக்கொண்டே முழுவதையும் சொன்னான். வெல்டிங் மெஷின், கறுப்பு ஒயர், ஞாயிற்றுக்கிழமை, ஒன்றையும் விடவில்லை. "ஒன் பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. மொதல்ல தப்பா சொன்னது நான். என்னை அடி. அவ தொடவே இல்ல" என்றான். என் சட்டையைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன். உண்மை வெளியே வந்துவிட்டது, இனி அவளுக்கு அடி இல்லை.

அந்தப் பக்கமிருந்து அருள்ராஜின் குரல், நிதானமாக: "சரி பாய். அண்ணன் செஞ்சது தப்புதான், நான் பேசிக்கிறேன். அவகிட்ட குடுங்க."

ஷர்மிளா கிட்டே வந்து, "ம்" என்றாள்.

"ஃபோன் அடிச்சா நீ ஏன் எடுக்கல? வேற ஆம்பள எடுக்குறான். வூட்டுக்குள்ள இப்ப எத்தன பேர் இருக்கானுங்க?"

அலி சுவரில் சாய்ந்துவிட்டான். தோள் ஒடிந்தபோதுகூட அவன் முகம் அப்படிப் போகவில்லை. ஆறு மாதமாக டப்பாவில் தேடிய கோளாறு டப்பாவில் இல்லை, ஒயரிலும் இல்லை.

ஃபோனில் அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே ஷர்மிளா குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். அந்தப் பிளக்கில் அவள் கை பட்டது அதுதான் முதல் தடவை. குரல் நின்றது. டப்பாவை ஒயரோடு இழுத்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த தட்டியை மிதித்துப் பட்டறைக்குப் போனாள். இரும்பை வைத்துத் தட்டும் கட்டையின் மேல் அதை வைத்தாள். கோவிந்தராசுவின் பெரிய சுத்தியலை, மாவுக்கட்டு பிரித்து ஒரு மாதமே ஆன கையோடு சேர்த்து இரண்டு கையாலும் தூக்கி அடித்தாள். மூடி தெறித்தது. மறுபடி அடித்தாள். பச்சைப் பலகை தூள் தூளாகும்வரை அடித்தாள். ஒருவரும் கிட்டே போகவில்லை. அவள் கையில் சுத்தியல் இருந்தது.

மணலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோவிந்தராசுவிடம் திரும்பினாள். இப்போது வாயைக் கையால் மூடவில்லை.

"மூணு டப்பாவுக்கு அடி வாங்கியாச்சு. ஒண்ணாவது நான் ஒடச்சதா இருக்கட்டும். ஒங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தாள். அக்கரைப்பேட்டையில் அவள் அம்மா வீடு. கூட்டம் வழி விட்டது. அலியால் பையைத் தூக்க முடியாது என்பதால் பஸ் ரோடு வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.